விமானக்காரர்களுக்குப் போட்ட இலை

தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ரயில் இல்லை. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டான். அங்கே ரயில் பாதை போட என் தம்பி முனியனையும் கொண்டுபோனான். மலாக்காவில் உள்ள காஜா பெராங்குக்குச் சைக்கிளில் வந்து சேர்கிறேன்.

இங்கே மலாக்கா செட்டி வீட்டில் வாழ்க்கைப்பட்ட பாக்கியம் அக்கா, என் சின்னம்மா மகள், வரச் சொல்லியிருந்தார். நாளை பொங்கல். இன்று அவர்கள் செத்தவர்களுக்குப் பார்ச்சு என்னும் படையல் போடும் நாள். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது.

"புக்கிட் காதில் பக்கம் விழுந்துச்சே குண்டு விமானம், அதுல எத்தனை பேருடா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீதான குழி வெட்டுன?"

"எட்டுப் பேரு, அக்கா. பேரு தெரியாது. ஒருத்தன் கையில மோதிரம் இருந்துச்சு. ஜப்பான்காரன் கழட்டிக்கிட்டான்."

வீட்டு முன்னோர் இலைகளுக்குப் பக்கத்தில் அக்கா எட்டு இலை போடுகிறார். செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது வழக்கம். வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்த ரொட்டிக்கு எங்கே போவது? மரவள்ளிக்கிழங்கை ரொட்டிபோலத் தட்டிச் சுட்டிருக்கிறார். விமானத்தில் செத்த இவர்கள் இனத்துத் துரைமார்தான் ஜப்பான்காரன் வந்ததும் எங்களைத் தோட்டத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள்.

"முனியனுக்கும் ஒரு இலை போடுங்கக்கா."

"செத்துட்டான்னு யாராச்சும் பார்த்தாங்களா?"

"போனவன் ஒருத்தனும் திரும்பலையே, யாரு வந்து சொல்றது?"

"அப்ப போடக்கூடாதுடா. உயிரோட இருந்தா அவனுக்கு ஆகாது."

செத்தவர்கள் சாப்பிடட்டும் என்று அக்கா கதவைச் சாத்துகிறார். எட்டு வெள்ளைக்காரர்களும் உள்ளே இருக்கிறார்கள். முனியனும் நானும் வெளியே உட்கார்ந்திருக்கிறோம்.