எரிமலைத் தீவுக்குப் போய்ப் பொம்பிளை பார்த்த கதை

யாழ்ப்பாணத்தில் பெண் பார்ப்பது சுலபம். கோயிலில் பூசை முடிந்து வெளிவீதிக்கு வரும்போது, இரண்டு குடும்பங்களும் தற்செயலாகச் சந்தித்ததுபோல் சந்தித்து, மழை பெய்யாததைப் பற்றி நாலு வார்த்தை பேசிக் கலைந்துவிடலாம். பிடிக்காவிட்டால் யாருக்கும் காயமில்லை. இந்த 1976இல் மெல்பேர்ணில் நமக்கென்று ஒரு கோயில் இல்லை, சிட்னியிலும் இல்லை. மாப்பிள்ளையோ மெல்பேர்ணில், பெண்ணோ சிட்னியில், நடுவே தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். ஆகவே சென்ற மே மாதம் ஒரு சொகுசுக் கப்பலைக் கோயிலாக்கினோம். யோசனை என்னுடையது. என் யோசனைகளின் சரித்திரம் தெரிந்தவர்கள் இங்கேயே சிரிக்கத் தொடங்கலாம்.

மாப்பிள்ளை என் மனைவி பாக்கியத்தின் தம்பி பாலன். முப்பத்திரண்டு வயது, பாலம் கட்டும் எஞ்சினியர். பெண் வசந்தி, சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் டொக்டர். அவளைப் பார்க்க ஊரிலிருந்து தாய் தகப்பன் வந்திருந்தார்கள். தகப்பன் மகாலிங்கம் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். கப்பல் திரும்பிய மறுவாரம் அவர்கள் ஊருக்குப் பறக்கவேண்டும்.

மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்கு இரவு ரயிலில் பதின்மூன்று மணி நேரம். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பத்து நாள் தீவுகளைச் சுற்றிவர, அங்கிருந்து கப்பல் புறப்பட்டது. மேல்தட்டில் நிற்பவர்கள் கடதாசி ரிப்பனின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறு நுனியைத் துறைமுகத்தில் நிற்பவர்களுக்கு எறிவார்கள். கப்பல் நகர, ரிப்பன்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. எங்களை வழியனுப்ப யாரும் வரவில்லை. நான் எறிந்த ரிப்பனை முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவி பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். கட்டணம் இருவருக்கு எழுநூற்று இருபது டொலர், ஜன்னல் இல்லாத அறை. ஜன்னல் வேண்டுமென்றால் இன்னும் நூற்றைம்பது. வெளியே தெரிவதெல்லாம் தண்ணீர்தான் என்பதால் நான் கொடுக்கவில்லை.

என் பெரிய பிழை வேறு. சாப்பாட்டு அறையில் ஆறு பேருக்கும் ஒரே மேசை என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கியிருந்தேன். கப்பலில் ஒருமுறை மேசை தந்தால் கடைசிவரை அதே மேசை, அதே கதிரை, காலை மத்தியானம் இரவு. கோயில் வீதியில் கலைவதுபோல் இங்கே கலைய முடியாது. கலைந்தால் கடலில்தான் விழவேண்டும்.

முதல் இரவுச் சாப்பாடு முடிந்து மேல்தட்டில் உலாவியபோது வசந்தி என்னிடம் வந்தாள்.

“அங்கிள், பாலன் நல்ல மனிசர். ஆனா எனக்கு இது சரிவராது.”

“ஏன் பிள்ளை, என்ன நடந்தது?”

“என்ர சூப்புக்கு என்னைக் கேக்காமல் உப்புப் போட்டவர். நான் ஒரு வாய் வைக்க முன்னம்.”

“அது ஒரு அன்பில...”

“ஓம், அன்புதான். அதுதான் பயமாக் கிடக்கு.”

பாக்கியத்தின் கோப்பையில் நான் இருபது வருடமாக என்னென்ன போட்டேன் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

“அப்பா முப்பத்தஞ்சு வருசம் மற்றவையின்ர பயணத்துக்குக் கொடி காட்டினவர். அவர் போற முதல் உல்லாசப் பயணம் இது. இப்ப சொன்னால் அந்த மேசையில இருந்து எப்பிடிச் சாப்பிடுவார்? சிட்னிக்குத் திரும்புமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, அங்கிள்.”

கப்பலில் ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் இரகசியம் சொல்லக்கூடாத ஒரே ஆளைப் பார்த்து அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. நம் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் என்னை ‘ரேடியோ’ என்று அழைப்பது எனக்குத் தெரியாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிறும் திங்களும் கடல் காப்பாற்றியது. கப்பல் தொட்டில்போல ஆட, வாயைத் திறந்தால் இரகசியத்துக்கு முன்னால் வேறு பல வெளியே வரும் நிலை. (கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு வாந்தி மாத்திரை போட்டுப் பிரயோசனமில்லை. ஏறும்போதே போடுங்கள்.) இந்த ஆட்டத்தில் அசையாதவர்கள் இரண்டே பேர்: மகாலிங்கமும் பாலனும். தண்டவாளத்தைப் பற்றியும் பாலத்தைப் பற்றியும் பேசியபடி இருவரும் தட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அவர்கள் பக்கத்தில் வந்தபோதெல்லாம் நான் அறைக்கு ஓடினேன். இது கடலின் வேலையல்ல.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு நூமியா. வெயிலும் பிரெஞ்சுக்காரர்களும் நிறைந்த அழகான கரையோரப் பட்டணம். எல்லோரும் சந்தைக்குப் போக, நான் தலைவலி என்று சொல்லிவிட்டுத் தனியாக ஒரு டாக்சி பிடித்து முன் சீட்டில் ஏறினேன். கடற்கரையோரமாக ஒரு மணி நேரம், ஒன்பது டொலர் பெறுமதியான பிராங்க். அந்த ஒரு மணி நேரமும் சூப்பிலிருந்து தொடங்கி முழுக்கதையையும் டிரைவரிடம் தமிழில் சொன்னேன். அவர் மிக நல்ல மனிதர். சரியான இடங்களில் தலையை ஆட்டினார், ஓரிடத்தில் காரை நிறுத்திப் பெருமூச்சும் விட்டார். இறங்கும்போது பிரெஞ்சில் ஏதோ சொல்லி என் தோளில் தட்டினார். பெண் வீட்டார் பக்கம்தான் நியாயம் என்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை விலாத் துறைமுகம். நியூ ஹெப்ரிடீஸ் என்ற இந்தத் தீவுக்கூட்டத்தை இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து ஆளுகின்றன. இரண்டு பொலிஸ், இரண்டு சிறைச்சாலை. இரண்டு சம்பந்திகள் சேர்ந்து நடத்தும் கலியாணவீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டும் யாருடைய பங்கும் இல்லாமல் கண்ணாடிபோலக் கிடந்தது. பாலன் மகாலிங்கத்துக்கு மிதக்கப் பழக்கினான். அறுபத்திரண்டு வயதில் மனிதர் மல்லாந்து மிதந்தபடி, “பரமேஸ்வரி, இஞ்ச பார்” என்று மனைவியைக் கூப்பிட்டார். கரையில் நின்ற வசந்தி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை தன்னா, அந்த எரிமலைத் தீவு. துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்க, சின்னப் படகில் கரைக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில் ஒன்றரை மணி நேரம். ஆளுக்குப் பதினான்கு டொலர், சாப்பாட்டுப் பொதியுடன். கடைசியில் மரமும் புல்லும் இல்லாத கருஞ்சாம்பல் வெளி. மேலே ஏற அரை மணி நேரம் போதும் என்றார்கள். எனக்கு முக்கால் மணி. செருப்போடு ஏறாதீர்கள், சாம்பலில் பாதம் வேகும்; மூடிய பூட்ஸ் போடுங்கள்.

எரிமலை வாயின் விளிம்பில் நின்றால் அதன் அடிவயிற்றில் ஓர் உறுமல் கேட்கும். பிறகு சிவந்த கல்லெல்லாம் மேலே பறந்து, ஆற அமரத் திரும்பி விழும். மகாலிங்கம் என் பக்கத்தில் நின்றார்.

“தம்பி, பிள்ளை மாட்டன் எண்டுட்டாள், என்ன?”

நான் வாய் திறக்கவில்லை. என் வாழ்க்கையின் மிகப்பெரிய சாதனை அதுதான்.

“சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் நீர் கதைக்கேல்லை. உம்மைப்போல ஆள் கதைக்காட்டில், ஒண்டு உடம்புக்கு வருத்தம், இல்லாட்டி இரகசியம். வருத்தக்காரன் ரெண்டாம்தரம் புடிங் கேக்கமாட்டான்.”

“ஐயா, நான்...”

“எனக்குத் தெரியும் எண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதையும். என்னைச் சந்தோசமா வைச்சிருக்கிறன் எண்டு அவளுக்கு ஒரு சந்தோசம். சிட்னிமட்டும் அது இருக்கட்டும்.”

இப்போது என்னிடம் இரண்டு இரகசியங்கள். இறங்கும்போது இரண்டு முறை சறுக்கி விழுந்தேன். எரிமலைதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

திரும்பும் வழியில் மூன்றரை நாள் கடல்தான். நேரமிருப்பதால் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மே மாதம் நல்லது, புயற்காலம் முடிந்திருக்கும். சைவக்காரர் முதல் நாளே தலைமைப் பரிசாரகரிடம் சொல்லவேண்டும். எங்கள் கப்பலில் அவர் கோவாக்காரர். பரமேஸ்வரி அம்மாவுக்கென்று தினமும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வந்தன. நாலாம் நாள் நாங்கள் எல்லோரும் சைவமாகிவிட்டோம். மிளகாய்த்தூள் போத்தல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். கப்டனின் விருந்துக்குச் சேலையும் கோட்டும் கட்டாயம்.

செவ்வாய் காலை ஏழு மணிக்குச் சிட்னி. துறைமுகத்தில் பெட்டிகளுக்காகக் காத்து நின்றோம். வசந்தியின் முகம் வெளுத்திருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, மகாலிங்கம் முந்திக்கொண்டு பாக்கியத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

“அப்ப பிள்ளை, நாங்கள் ஊருக்குப் போய் யோசிச்சு எழுதிறம்.”

நமக்குள் இந்த வசனத்துக்கு வேறு அர்த்தம் கிடையாது. ‘மாட்டோம்’ என்பதற்கு வேட்டி சால்வை உடுத்தி அனுப்புவது இது. மகள் சொல்லவேண்டியதைத் தகப்பன் தன் தலையில் எடுத்துக்கொண்டார். வசந்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவருடைய பெட்டியைத் தான் வாங்கிக்கொண்டு, மற்றக் கையால் அவர் கோட்டின் பொத்தானைப் பூட்டிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பழகிவிட்டது.

ரயில் நிலையத்தில் கோப்பி குடிக்கும்போது பாலன் கேட்டான்: “அத்தான், அவர் எழுதுவாரோ?”

“தம்பி, எழுதிறம் எண்டால் இல்லையெண்டுதான் அர்த்தம்” என்றாள் பாக்கியம் மெதுவாக.

“அது விளங்குது அக்கா. ஆனையிறவில உப்புக்காத்துக்குத் தண்டவாளம் கறள் பிடிக்கிறதைப் பற்றி எழுதுறன் எண்டவர். அதைக் கேட்டனான்.”

போன கிழமை ஊரிலிருந்து கடிதம் வந்தது, பாலன் பெயருக்கு, நாலு பக்கம். கலியாணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாலன் இன்று காலையிலிருந்து பதில் எழுதுகிறான். ஆறாம் பக்கத்தில் நிற்கிறான்.