வெளுத்துக் கொடுத்த முகங்கள்

பதுளையில் எங்கள் கடையின் முன்பக்கம் தங்கையுடையது, பின்னறை என்னுடையது. அப்படிப் பேசி வைத்துக்கொண்டதில்லை, தானாக அமைந்தது. அவளுக்குத் தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் வரும். யார் வந்தாலும் சிரித்துப் பேசி உட்கார வைப்பாள். எனக்கு ஆட்களைக் கண்டால் வாய் அடைத்துப் போகும். ஆகவே பாஸ்போர்ட் படம், போட்டோகொப்பி, பிரேம் எல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கிக் கறுப்பு வெள்ளையில் அச்சடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

தெமோதரை, எல்ல ஆகிய ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்துதான் அந்த வேலை அதிகம் வரும். இறந்தவருக்கு இருப்பது பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான். வெயிலிலும் மழையிலும் கொழுந்து பறித்த முகங்கள். கணினித் திரையில் உற்றுப் பார்த்தால் கன்னத்துக் குழி தெரியும், நெற்றிச் சுருக்கம் தெரியும். அச்சடித்து எடுத்தால் எல்லாம் போய், ஒரு கறுப்புத் திட்டும் இரண்டு கண்ணும்தான் மிஞ்சும். கறுப்புக்குக் கிட்டத்தில் இருக்கிற சாம்பல்களையெல்லாம் பிரிண்டர் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. சிவந்த முகங்களுக்கு அதனால் நட்டமில்லை. எங்கள் ஆட்களின் முகம்தான் அதில் காணாமல் போகும்.

இதைச் சரிசெய்வதற்கென்றே அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அவை எங்களுக்கு எட்டுகிற சாமான் இல்லை. என்னிடம் இருந்தது, மூடியைத் திறந்து கண்ணாடிமேல் படத்தைக் கவிழ்த்து வைக்கிற பழைய ஸ்கேனர். அதை வைத்தே அளக்கலாம் என்று இணையத்தில் தேடித் தேடிக் கற்றுக்கொண்டேன். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகக் கறுத்துக்கொண்டு போகும் கட்டங்களை ஒரு பட்டையாக அச்சடிக்க வேண்டும். மை நன்றாகக் காய மறுநாள் வரை விட வேண்டும். பிறகு ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கட்டமும் உண்மையில் எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதைக் கணினியில் எண்ணாகப் படிக்க வேண்டும்.

ஸ்கேனரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அது தன் இஷ்டத்துக்குப் படத்தை அழகாக்கப் பார்க்கும். அந்த வசதிகளையெல்லாம் அணைத்துவிட்டு, கறுப்பின் அளவு முன்பே தெரிந்த வேறொரு பட்டையைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பேன். கண்ணாடியில் ஒரு பக்கம் தலைமயிர் போல ஒரு கீறல் இருந்தது. பட்டை அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்வேன். எந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவோ அங்கே மையைக் குறைத்து, திரும்ப அச்சடித்து, திரும்பக் காயவிட்டு, திரும்ப அளப்பேன். பதுளை மழைக்கு மை காய்வதும் லேசில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க இதிலேயே போனது.

கடைசியில் கறுப்புப் பக்கத்துக் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றன. அந்த அளவில் ஒரு வயதான அம்மாவின் படத்தை அச்சடித்துப் பார்த்தேன். தலைமயிர் வேறாகவும், காதோரத்து நிழல் வேறாகவும், கன்னம் வேறாகவும் தெரிந்தன. கறுத்த முகம் கறுப்பாகவே இருந்தது, ஆனால் அதற்குள் ஓர் ஆள் இருந்தார். தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு அக்கா," என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு படம் போனபோதும் அவள் உள்ளே வந்து ஏதாவது சொல்வாள். "அந்த மகன் படத்தக் கையில வாங்கிக்கிட்டு அழுதுட்டாரு அக்கா." "பாட்டியப் பார்த்த மாதிரியே இருக்குன்னு கும்பிட்டாங்க." நான் அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டுதான் அடுத்த படத்தைச் செய்வேன். எங்கள் அப்பாவின் படத்தையும் அப்படித்தான் செய்தேன். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர், நல்ல கறுப்பு. கொழும்பில் இருக்கும் அண்ணனுக்குத் தங்கை அதைப் பிரேம் போட்டு அனுப்பினாள். "அண்ணன் பேச முடியாம நின்னுட்டாராம்," என்று அவள் சொன்ன அன்றைக்கு அந்தப் படத்தைக் கணினியில் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் தங்கை தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு மாதா கோயிலில் முதல் நன்மை கொடுக்கிறார்கள் என்று பண்டாரவளைக்குப் போயிருந்தாள். கடையில் நான்தான் முன்பக்கம் உட்கார வேண்டியதாயிற்று. எல்ல பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தார், என் வயதுதான் இருக்கும். பையிலிருந்து ஒரு பிரேமை எடுத்து மேசையில் வைத்தார்.

"மிஸ், லயத்து வீட்டுக் கூரைத் தகரம் ஒழுகி அம்மா படத்துல தண்ணி எறங்கிருச்சு. இன்னொன்னு அடிச்சுத் தருவீங்களா?"

பார்த்தேன். தண்ணீர் இறங்கிய இடத்தில் மை கரைந்து இளஞ்சிவப்பாக ஓடியிருந்தது. நான் அடிக்கிற மை தண்ணீரில் கரையாது. அதில் சிவப்பும் கிடையாது, கறுப்பும் சாம்பலும்தான். மினுமினுப்பான பாஸ்போர்ட் படக் காகிதம் வேறு.

"இது எங்க கடையில செஞ்சதாம்மா?"

"ஆமாங்க. மத்த மிஸ்தான் குடுத்தாங்க."

அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்த இமைக்குக் கீழே உள்ள நிழலுக்காக நான் அரை நாள் இருந்திருக்கிறேன். இங்கே நிழலே இல்லை. முகம் முழுக்கப் பவுடர் அப்பியதுபோல வெளுத்துக் கிடந்தது. அடுத்த கிழமை வரச் சொல்லி அவரை அனுப்பினேன்.

பின்னறையில் அதை ஸ்கேனரில் வைத்து, என் கணினியில் இருந்த மூலப் படத்தோடு ஒத்துப் பார்த்தேன். எண்ணைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. சேலைத் தலைப்புக்குக் குறுக்கே, தோளிலிருந்து மார்புவரை, தலைமயிர் போல ஒரு கோடு அச்சிலேயே விழுந்திருந்தது. என் கண்ணாடியின் கீறல். நான் அடித்துக் கொடுத்த படத்தை என் ஸ்கேனரிலேயே கவிழ்த்து, படியெடுத்து, வெளுத்து, முன்னால் இருக்கிற கலர் பிரிண்டரில் அடித்திருக்கிறாள். நான் சாப்பிட வீட்டுக்குப் போகிற நேரத்தில் செய்திருக்க வேண்டும். மதியத்தில் கடையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ச் சாப்பிட்டு ஓய்வெடு என்று அவளாகத்தான் என்னை அனுப்புவாள். என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்திருக்கிறேன்.

பின்னேரம் அவள் வந்ததும் படத்தை முன்னால் வைத்தேன். பார்த்தாள். பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பொய் சொல்லவில்லை.

"மொதல்ல போன மூணு படமும் திரும்பி வந்துச்சு அக்கா. 'எங்க அம்மா இவ்வளவு கறுப்பா'ன்னு சண்டைக்கு வந்தாங்க. ஒருத்தர் மேசையில வீசிட்டுப் போனாரு. நீ அந்த மழைக்காலம் பூரா பட்ட பாட்டுக்கு, உன்கிட்ட வந்து எப்பிடிச் சொல்றது?"

"எத்தன படம் இப்பிடி மாத்தின?"

"எல்லாந்தான்."

"அழுதாங்கன்னு சொன்னியே?"

"அழுதாங்கதான். நான் குடுத்த படத்தப் பார்த்து."

"என்னோடதெல்லாம் எங்க?"

"நீ பார்த்துறக் கூடாதுன்னு பிரேம் வெட்டின துண்டுகளோட குப்பை வண்டிக்குப் போட்டுட்டேன்."

என்னால் உட்கார முடியவில்லை. "அப்பா?" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். அது போதுமாக இருந்தது. நான் ஏதோ கத்தினேன், என்னவென்று இப்போது நினைவில்லை. அவள் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "நீ உள்ள கறுப்ப அளந்துக்கிட்டு இருந்த. நான் வெளிய அவங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அன்றைக்கே அண்ணனுக்கு அழைத்து, சுவரில் இருக்கும் அப்பாவைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. ஒரு பாடசாலை அதிபர் போல, சிவந்த, மழுமழுவென்ற ஒரு மனிதர். அப்பாவின் சட்டை மட்டும் அப்பாவுடையது.

திரும்ப அழைத்தேன். "அண்ணே, அப்பா இப்பிடியா இருந்தாங்க? உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சிச்சும்மா. புள்ளைங்ககூட தாத்தா இவ்வளவு வெள்ளையான்னு கேட்டுச்சுங்க. நீ ரொம்பப் பாடுபட்டுச் செஞ்சேன்னு தங்கச்சி சொன்னா. மனசு நோகக் கூடாதேன்னு நான் ஒன்னும் சொல்லல."

"அது நான் செஞ்சது இல்லண்ணே."

"சரி விடும்மா. நல்லாத்தானே இருக்கு," என்றார்.

என் மனம் நோகக் கூடாதென்று இரண்டு பேர் இரண்டு வருடம் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். யாராவது என் வேலையை நேராகப் பழித்திருந்தால் ஒருநாள் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். அந்த முதல் மூன்றைத் தவிர என் படங்களை யாரும் பார்க்கவே இல்லை என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த கிழமை அந்தப் பெண் வந்தார். இரண்டு படம் தயாராக வைத்திருந்தேன். பழையதுபோல வெளுத்தது ஒன்று, என்னுடையது ஒன்று. தங்கை ஓரமாக நின்று பிரேமுக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் என்னுடையதைத்தான் முதலில் எடுத்தார். தாழ்ந்த இமைமேல் விரலை வைத்தார்.

"அம்மாவேதாங்க," என்றார். கண் கலங்கியது. அப்புறம் அதை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். "மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம் மிஸ். மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து போற எடம். சொவத்துல இது இருக்கட்டும்."

"அதையும் கொண்டு போங்களேன்," என்று என்னுடையதைக் காட்டினேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

யோசித்தார். வாங்கி, சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, தாளில் சுற்றச் சொன்னார். எங்கே வைப்பார் என்று நான் கேட்கவில்லை.

அவர் போனபின் தங்கை என்னைப் பார்த்தாள். நான் சொன்னேனே என்பதுபோல ஒரு பார்வையை எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. அவள் கண்ணும் சிவந்திருந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் மூட்டியது.

கடை நடக்கிறது. படம் கொடுக்கிற அன்றைக்கு இப்போது நானே முன்னால் உட்காருகிறேன். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள், சிலர் விட்டுவிட்டுப் போகிறார்கள், சிலர் ஒன்றும் சொல்லாமல் கொண்டுபோகிறார்கள். அவள் சொன்னது உண்மைதான் என்று தெரிகிறது. அதற்காக மன்னிக்க முடியவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போகிறோம். அவள் எனக்கு ஜன்னலோரத்தை விட்டுத் தருகிறாள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன். வழியில் அவள் ஏதாவது நல்லதாகச் சொன்னால், அது உண்மைதானா என்று முதலில் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் அதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்.