ஸ்லிப்பைக் கொட்ட மறந்த காலை

அன்று பன்னிரண்டு ஜாடிகளைப் பாழாக்கியது நான்தான். ஐம்பது வருஷம் கழித்தாவது எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறை, காஸ்டிங் பிரிவில் எனக்கு வேலை. ஸ்லிப்பு என்று நாங்கள் சொல்லும் மண் கரைசலைப் பிளாஸ்டர் மோல்டில் ஊற்றுவோம். மோல்டு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச உள்ளே சுவர் கட்டும். தேவையான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். நேரம் தப்பினால் ஜாடி அம்மிக்கல்தான்.

பக்கத்து மேசையில் நிஷா ஜாடிகளின் விளிம்பை ஸ்பாஞ்சால் துடைப்பாள். என்னைவிடச் சின்னவள். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவள், கல்யாணமாகி இங்கே வந்தாள், புருஷன் துபாயில். இருவரும் டெம்பரரி. அந்த மாதம் ஒருத்தியை நிரந்தரம் செய்வார்கள் என்று பேச்சு. அது கிடைக்காவிட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது.

நிஷா தான் படித்த ஒரு பிரெஞ்சுக்காரியின் கதையைத் தினமும் கொஞ்சம் சொல்வாள். தத்துவம் சொல்லிக்கொடுக்கும் டீச்சராம். தொழிலாளி படும் பாட்டைப் புத்தகத்தில் படித்தால் போதாது என்று லீவு போட்டுவிட்டு ஃபேக்டரியில் மெஷின் முன் நின்றாளாம். கொழுப்பெடுத்தவள் என்றேன். நிஷா சிரித்தாள். ஆனால் வேலைக் களைப்பில் யோசனையே ஓடாமல் போவதுதான் பெரிய கொடுமை என்று அந்தப் பிரெஞ்சுக்காரி எழுதியதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அதுவரை என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

ஜாடிகள் பாழான அன்று, அடுத்தவர் துன்பத்தைக் கவனிப்பது பற்றி அந்த டீச்சர் எழுதியதைச் சொன்னாள். உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுவிட்டு, நம் நினைப்பை ஒதுக்கி வைத்துப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவாம். நான் கடிகாரத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வந்து பன்னிரண்டு மோல்டையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை.

“யாரு பேச்சு குடுத்தது?” என்றார்.

“நான்தாங்க,” என்றாள் நிஷா.

கடிகாரம் பார்க்க வேண்டியவள் நான் என்று சொல்லியிருக்கலாம். மோல்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். மதியத்துக்குள் அவளை நிறுத்திவிட்டார்கள்.

கேட்டருகே டிபன் தூக்கோடு நின்றவளிடம் போனேன்.

“ரொம்ப பயந்துட்டீங்களாக்கா? வூட்ல என்ன கஷ்டம், சொல்லுங்க,” என்றாள்.

அழுதேன். வீட்டில் படும் பாட்டையெல்லாம் சொன்னேன். பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைசிவரை கேட்டாள். மன்னித்துவிடு என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

எனக்கு வேலை நிரந்தரமானது. அவள் புதுச்சேரிக்கே போய்விட்டாள் என்றார்கள். இரண்டு முறை தேடிப் போனேன். விலாசம் இல்லாமல் எங்கே தேடுவது? அந்தப் பிரெஞ்சுக்காரி கடைசியில் என்ன ஆனாள் என்று வேறு யாரிடமும் கேட்க மனசு வரவில்லை. நிஷா சொல்லித்தான் அது எனக்குத் தெரிய வேண்டும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. தப்பு உங்களுடையது என்றால் மேஸ்திரி கேட்கும் நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், அதைக் கேட்க வேண்டிய ஆள் ஊரில் இருக்க மாட்டார்.