பேசாத பெட்டியும் பேசாத மாப்பிள்ளையும்

என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே போனார். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். ஒங்களுக்குச் சம்மதமா?" இவ்வளவுதான் கேட்டேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பித் தட்டை அவர் மடியில் கொட்டாமல் உள்ளே போனதே பெரிய விஷயம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில் கம்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்க, போவார்கள். நான் ஃபேக்டரி பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய், ரேடியோ உறுப்புகள் செய்கிற இடத்தில் கம்பிகளைப் பற்றவைப்பேன். என் சம்பளத்தில் வாங்கியதுதான் வீட்டிலிருந்த ரேடியோ கேசட் பெட்டி. லயத்தில் வேறு யாரிடமும் அது கிடையாது. வேலையை விடு என்றால் அந்தக் கல்யாணமே எனக்கு வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தேன். அப்பாவோ, "கட்டிக் குடுத்த பொறவு பொண்ணுக்கு என்னா வேலை?" என்கிற கட்சி. ஞாயிற்றுக்கிழமை தேதி குறிக்க மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லியும் விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். சுங்காய் ஊர்க்கார மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்து என் கையில் திணித்தார்.

"சுங்காய்லேருந்து தம்பி குடுத்துவுட்டிருக்கான். நீ கேட்டதுக்குப் பதிலாம். தனியா கேக்கணுமாம்லா."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். சக்கரம் சுற்றியது, சத்தம் வரவில்லை. வால்யூமைக் கடைசி வரை திருகினேன். மூச்சுக்கூட இல்லை. கேசட்டிலும் இந்த ஆள் வாயைத் திறக்கவில்லையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் பாடவில்லை. அதுவரை மனதுக்குள் அவரைத் திட்டியதையெல்லாம் அவசரமாக வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பேட்டரியை மாற்றினேன். உள்ளே கேசட் உரசுகிற இடத்தைப் பஞ்சால் துடைத்தேன். ரேடியோவைத் திருப்பினால் அதுவும் ஊமை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து பெட்டியை மேசையில் வைத்தேன். அக்கா அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினார். அப்பாவுக்குச் சொல்லவா வேண்டும்?

"ரேடியோ ஃபேக்டரியில வேலைன்னு பேரு. ஊட்டு ரேடியோ பேச மாட்டேங்குது. இதுக்குத்தான் பஸ் ஏறிப் போறியா?"

சுருக்கென்றது. நாங்கள் அங்கே செய்வது ஒரு சின்னத் துண்டு. முழுப் பெட்டியின் வயிற்றை நான் கண்டதே இல்லை. அதை அவரிடம் சொன்னால் இன்னும் சிரிப்பார்.

"ஆயுத பூசை அன்னைக்கிக் காலையில நல்லாத்தானே பாடிச்சி?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. பக்கவாட்டில் இருந்த சின்ன ஓட்டையைச் சுற்றி மட்டும் சந்தனம் கொஞ்சம் தாராளம்.

"இங்க என்னாம்மா வெச்சீங்க?"

"பூ வெச்சேன். கத்திக்கி வெச்சேன், சைக்கிளுக்கு வெச்சேன், இதுல பூ நிக்க எடமே இல்ல. அந்த ஓட்டையிலதான் கச்சிதமா நின்னிச்சி."

காதில் மாட்டித் தனியாகக் கேட்கிற ஒயரைச் செருகும் ஓட்டை அது. அதில் ஒயர் நுழைந்தால் ஸ்பீக்கர் அடங்கிவிடும். வாடிய பூவைப் பிய்த்துப் போட்ட அம்மா காம்பை உள்ளேயே விட்டுவிட்டார். செவ்வந்திக் காம்பை ஒயர் என்று நம்பி, பெட்டி யார் காதுக்கோ பாடிக்கொண்டிருந்திருக்கிறது! கொண்டை ஊசியால் காம்பை மெல்ல நெம்பி எடுத்தேன். மாப்பிள்ளையின் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். தனியாகக் கேட்க வேண்டும் என்பதும், வால்யூம் உச்சத்தில் இருப்பதும் அந்த அவசரத்தில் மறந்தே போயின.

"நான்தான் பேசுறேன்!" என்று வீடே அதிர்ந்தது. "அன்னைக்கிப் பதில் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். எங்கம்மா என் கால மிதிச்சிட்டாங்க. அதான் முறுக்க கடிச்சேன். நீங்க வேலைய வுட வேணாம். ஈப்போவுல எனக்கு வேல சொல்லி வெச்சிருக்கேன், நானே அங்க வந்துர்றேன்…"

லயத்தின் கோடி வீட்டிலிருந்து யாரோ கைதட்டினார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வால்யூமைக் குறைக்கக் கை போனது, ஆனால் குறைக்க மனம் வரவில்லை.

அப்பா மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றார். "சரியா காதுல வுழல. திருப்பிப் போடு" என்றார்.

கோடி வீட்டுக்குக் கேட்டது அவர் காதில் விழவில்லையாம். திருப்பிப் போட்டேன். முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்கி முறுக்கு கொஞ்சம் கூடவே சுடு. மாப்பிள்ளைய அவங்கம்மா பக்கத்துல ஒக்கார வெக்காத."