கொக்கி பிடித்த கை

ஆஸ்பத்திரி முற்றத்தில் பதித்த சிமெண்ட் கற்களுக்கு நடுவே முளைக்கும் களையை எடுப்பதற்கென்றே பதினெட்டுப் பெண்கள் வேலையில் இருந்தார்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். கல்லிடுக்கில் நாலு புல் முளைத்தால் குடியா முழுகிவிடும் என்பார்கள். கோரைக் கிழங்கு ஒன்று தப்பினால் போதும், கல்லையே தூக்கிவிடும். தூக்கிய கல்லில் சக்கர நாற்காலி இடித்தால், நேற்றுத் தையல் போட்ட வயிறு என்ன பாடு படும் என்று அதில் உட்கார்ந்து போகிறவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பதினெட்டுப் பேரில் இரண்டு பேர் ஒரே வீடு. அண்ணியைப் பெரியவள் என்றும் நாத்தனாரைச் சின்னவள் என்றும் மற்றவர்கள் கூப்பிட்டார்கள். பெரியவள் பத்தொன்பது வருடமாகக் கொக்கி பிடிப்பவள். கொக்கி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு முழக் கம்பி, நுனியை வளைத்துத் தட்டையாக்கி, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது. அதை இடுக்கில் விட்டு இழுத்துக்கொண்டே வந்தால், வேர் மாட்டும் இடத்தில் கைக்கு லேசாக ஒரு இழுப்பு தெரியும். அங்கே நிறுத்தி, நெம்பி, கிழங்கோடு எடுக்க வேண்டும். தெரியாமல் இழுத்தால் தலை மட்டும் அறுந்து வரும். உள்ளே இருக்கும் வேர் எட்டாம் நாள் எகத்தாளமாக எட்டிப் பார்க்கும். இடுக்குக்குள் இருட்டு என்பதால் கண்ணுக்கு இதில் வேலையே கிடையாது. எல்லாம் கைதான்.

பெரியவளின் வலது கை மரத்துப்போய் ஒரு வருடமாகிறது. சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலிலேயே நாள் முழுக்கக் குந்தியிருக்கிறாள், ஆனால் ஒரு டாக்டரிடமும் கையைக் காட்டியதில்லை. காட்டினால் சீட்டு எழுதுவார்கள், சீட்டு சூப்பர்வைசரிடம் போகும், வேலை போகும். போனால் அப்புறம் என்ன? அதற்கு மேல் அவள் யோசித்ததில்லை. யோசனையும் கொஞ்ச நாளாக மழுங்கித்தான் கிடந்தது.

புருஷன் செத்துப் பதினாலு மாதம். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பிணத்தைத் தூக்கும்போதுகூடப் பெரியவள் அழவில்லை. அடக்கிக்கொண்டாள் என்றெல்லாம் இல்லை, அழுகை வரவில்லை. அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு கதறிய சின்னவள், இவளுக்கு நெஞ்சா கல்லா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். கேட்டது நியாயம்தானே என்றுதான் பெரியவளுக்குப் பட்டது. அன்றோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றது. வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அடுப்பிலிருந்து இறக்கினால் இன்னொருத்தி ஏற்றுவாள். தண்ணீர்க் குடத்தை நகர்த்தச் சொல்வதென்றால்கூட காலால் தட்டிக் காட்டுவார்கள்.

சூப்பர்வைசருக்கு டார்ச்சு என்று பெயர். பட்டப்பகலில் டார்ச் அடித்து இடுக்கைப் பார்க்கிற மனிதர் அவராகத்தான் இருக்க முடியும். ஆளுக்கொரு வரிசை, ஓரக்கல்லில் பெயிண்டால் எண். பத்து நாளைக்கொரு முறை பார்வையிடுவார். வரிசையில் மறுபடி முளைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை, இரண்டாம் முறை முளைத்தால் வீட்டுக்குப் போகலாம். பெரியவளின் ஏழாம் வரிசை ஒரு முறை முளைத்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை என்பதால் டார்ச்சே கொஞ்சம் தடுமாறிப்போனார்.

அடுத்த பார்வை நாளில் தன் கதை முடிந்தது என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் ஏழாம் வரிசை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே. இது தன் கை செய்த வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? குனிந்து கல் விளிம்பைப் பார்த்தாள். கொக்கி உரசிய கீறல்கள் அவள் இழுத்த பக்கத்துக்கு நேர் எதிராகச் சாய்ந்திருந்தன. பதினெட்டுப் பேரில் இடக்கைக்காரி சின்னவள் ஒருத்திதான். சாப்பாட்டு வேளையில் எல்லோரும் மரத்தடிக்குப் போன பிறகு சின்னவள் மட்டும் கண்ணில் படாததன் காரணமும் அப்போது விளங்கியது. அடுப்பில் கொதித்த பாத்திரத்தைத் துணியில்லாமல் பெரியவள் இறக்கியதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

நன்றி சொல்லியிருக்கலாம். பெரியவள் சொல்லவில்லை. வாரக்கணக்கில் கண்டும் காணாமல் இருந்தாள். செய்கிறாள், செய்யட்டும் என்று விட்டுவிட்டாள். வெட்கம்கூட வரவில்லை என்பதை நினைத்தால்தான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஒருத்தி இரண்டு வரிசை பார்த்தால் ஏதாவது ஒன்று கெடாமலா இருக்கும்? சின்னவளின் எட்டாம் வரிசை முளைத்தது. எச்சரிக்கை வந்தது. பத்து நாள் கழித்துத் திரும்பவும் முளைத்தது. சூப்பர்வைசர் டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சின்னவள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார். சின்னவள் தலையை ஆட்டிவிட்டு முட்டிக்குக் கீழே போடும் சாக்கைச் சுருட்டத் தொடங்கினாள். ஏழாம் வரிசைப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரியவள் எழுந்து நின்றாள். கால் தானாக எழுந்ததுபோல் இருந்தது.

"சார், அவ வரிசை கெட்டதுக்கு நான்தான் காரணம். என் கையில உணர்ச்சி இல்ல. என் வேலையும் சேத்து அவதான் பாத்துக்கிட்டு இருந்தா."

டார்ச்சு நம்பவில்லை. நாத்தனாரைக் காப்பாற்ற அண்ணி பூசி மெழுகுகிறாள் என்று நினைத்தார். பக்கத்து இடுக்கு ஒன்றைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு இழு, வேர் மாட்டினால் சொல் என்றார். பெரியவள் கண்ணை மூடி இழுத்தாள். ஒரு கல், இரண்டு கல், மூன்று கல். சொல்லும்படி ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது வழியெல்லாம் ஐந்தாறு புல் தலையறுந்து கிடந்தது.

சின்னவள் இருக்கட்டும் என்றார் டார்ச்சு. அப்புறம் பெரியவளைப் பார்க்காமல் கையை நீட்டி, கொக்கியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். குரலில் அதிகாரம் இல்லை. பெரியவளும் நீட்டினாள். அவர் பிடித்து இழுத்தார். வரவில்லை.

"விடும்மா."

"விட்டுட்டேனே சார்."

அவர் மறுபடி இழுத்தார். கொக்கியோடு அவள் கையும் சேர்ந்து வந்தது. சின்னவள் சாக்கைக் கீழே போட்டுவிட்டு நடுவில் வந்து பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க இன்னும் விடல. இருங்க, நான் எடுத்துவிடுறேன்."

சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாக அவள் பிரித்துவிட்டாள். பிரித்த விரல் மறுபடி மடங்காமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பெரியவளுக்கு ஆசையாக இருந்தது. கண்ணால் பார்க்கத்தான் முடிந்தது, பார்த்துக்கொண்டே நின்றாள்.