செய்யாறு கச்சேரியில் நான் சொன்ன சாட்சி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் அத்தைமீது மகா கோபம். அப்பாவின் தங்கை அவள். என் அம்மா போனபிறகு என்னை வளர்த்தவளும் அவள்தான். அப்படிப்பட்டவள் ஒருநாள், யாரையும் கேட்காமல், முதலாளிமேல் மனுப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

சேவூரில் முதலாளி வீட்டுத் தறியில்தான் அத்தை பட்டு நெய்தாள். நான் பிறப்பதற்கு முன்பே அப்பா அவரிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அது தீரும்வரை வேறு யாருக்கும் நெய்யக் கூடாது, ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பது பேச்சு. அப்பா செத்துப்போனார். பேச்சு மட்டும் சாகவில்லை. அத்தையைப் பெண் கேட்டு தேவிகாபுரத்திலிருந்து வந்தவர்களை, தறி காலியாகிவிடும் என்று சொல்லி முதலாளியே திருப்பி அனுப்பினார். இப்படி ஆளைப் பிடித்துவைப்பது குற்றம் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. டவுன் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது அத்தையின் காதில் விழுந்திருக்கிறது.

எனக்கோ முதலாளி வீடு சொர்க்கம். அங்கே ரேடியோ பாடும். ஆயுத பூஜைக்கு முதலாளியம்மா பாவாடைத் துணி எடுத்துக் கொடுப்பார். கிடைத்த நல்ல இடத்தைக் கெடுத்துக்கொள்கிறாளே, இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று நினைத்தேன்.

விசாரணை செய்யாறு ஆர்.டி.ஓ. கச்சேரியில்; ஆபீசை அப்போது அப்படித்தான் சொல்வோம். இந்த வழக்குக்கு ஆர்.டி.ஓ.தான் நீதிபதி. முந்தின நாளே முதலாளியம்மா என்னை உட்காரவைத்துத் தலைவாரி, "கேட்டா நாங்க உங்க சொந்தக்காரங்கன்னு சொல்லு கண்ணு" என்று சொல்லியிருந்தார். அத்தை எதுவும் சொல்லித்தரவில்லை. பஸ்ஸில் என் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

"எங்க வூட்டுப் பொண்ணுங்க மாதிரிங்க. சும்மா வந்து போய்கினு இருப்பாங்க, வேலை கீலை ஒண்ணும் இல்லைங்க" என்றார் முதலாளி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. முன்பணத்துக்கு அப்பா கைநாட்டு வைத்த தாள் அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. சேவூரிலிருந்து சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. அதிகாரி சாட்சி கேட்டபோது அத்தை தலைகுனிந்து நின்றாள். அவர் பேனாவை மூடிவிட்டு, முதலாளியையும் முதலாளியம்மாவையும் காட்டி என்னைக் கேட்டார்.

"இவங்க உனக்கு என்னம்மா வேணும்?"

"சொந்தக்காரங்க" என்றேன். முதலாளியம்மாவுக்குத் திருப்தி.

"அங்கே விளையாடப் போவியா?"

எனக்குச் சுருக்கென்றது. சேவூரிலேயே என்னைப்போல் ராட்டை சுற்ற ஆளில்லை என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். இந்த மனுஷர் விளையாட்டு என்கிறாரே.

"வெளாட ஏதுங்க நேரம்? காலைல ராட்டைல உக்காந்தா வெளக்கு வைக்கிற வரைக்கும் நூல் சுத்திகினே இருப்பேன். நான் சுத்திக் குடுத்தாத்தான் அத்தை நெய்ய முடியும். ஒருநாள் காய்ச்சல்ல படுத்துட்டேன், முதலாளி ஆள் அனுப்பி ஜல்தியா இட்டுகினு போனாரு. நான் இல்லாட்டி தறி நின்னுபூடுங்க."

"பள்ளிக்கூடம்?"

"அதெல்லாம் வேலை தெரியாத பசங்க போறதுங்க."

அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். முதலாளிக்குப் பெருமை தேடித் தந்துவிட்டதாக நினைத்து நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். பாவம், அவர் திரும்பிச் சிரிக்கவில்லை.

சில வாரங்களில் விடுதலைச் சான்றிதழ் வந்தது. அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், ரேடியோவுக்காக. அடுத்த திங்கட்கிழமையே என்னை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டாள். என் இடுப்பு உயரப் பிள்ளைகளுக்கு நடுவே கால் மடக்கி உட்கார்ந்தேன். வெட்கக்கேடு. வீட்டுக்கு வந்ததும், "உனக்கு வேணும்னா நீ மட்டும் போயிருக்கலாமே, என் பொழப்பை ஏன் கெடுத்தே?" என்று கத்தினேன். அத்தை எனக்குச் சோறு போட்டாள். மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை.

அந்தச் சான்றிதழை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. விடுவிக்கப்பட்டவர்கள் என்ற வரியின் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. மனு எழுதியவரிடம் அத்தை சொன்ன வரிசை அது. முதலில் இருந்தது என் பெயர்.