முகம் வரைய ஒரு வாத்தியார்

என் வீட்டுக்காரருக்குப் போட்டோ என்றாலே ஆகாது. எடுத்தால் ஆயுசு குறையும் என்பார். எடுக்காமலே குறைந்துவிட்டது. ஆடியில் மஞ்சள் காமாலை வந்தது, ஆவணி பிறக்கும்போது அவர் இல்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, ஒரு நாள் காலை உலை வைத்துவிட்டு அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். தோளில் கிடக்கும் துண்டு வந்தது, கை வந்தது, முகம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அரிசியைக் களைந்து போட்டேன்.

கடைத்தெருவில் படம் வரைகிறவரிடம் போய்க் கேட்டேன். "போட்டோ ஒண்ணு குடும்மா, அச்சு அசலா வரைஞ்சு தரேன்" என்றார். போட்டோ இருந்தால் இவரிடம் ஏன் வரப்போகிறேன்?

மூன்றாம் வகுப்பு படித்த என் மகளுக்கு அந்த முகம் நன்றாக நினைவிருந்தது. பள்ளி விட்டதும் தறியடியில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, அவர் நெய்ய நெய்ய வாய் ஓயாமல் பேசுகிறவள். மூக்கு எப்படி, மீசை எப்படி என்று கேட்டால் தடங்கலில்லாமல் சொல்லுவாள். வரையத்தான் தெரியாது. சிலேட்டில் அவள் போட்ட அப்பாவுக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசமில்லை. அவளும் மறப்பதற்குள் யாராவது கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

பள்ளியில் ஓவிய வாத்தியார் கிடையாது. விசாரித்ததில், பின்தெருவில் சேலைக்கு டிசைன் போடுகிறவர் ஒருவர் அகப்பட்டார். கல்யாணமாகாத பிள்ளை. "கொழந்தைங்களுக்கெல்லாம் நான் சொல்லிக்குடுத்ததே இல்லக்கா" என்று தலையைச் சொறிந்தார்.

"அவளுக்கு முகம் போட வந்தா போதும்பா."

சாயங்காலம் தோறும் போய்வந்தாள். கட்டம் போட்ட தாளில் மாங்காய், தாமரை, பிறகு பொம்மை முகம். எல்லாம் பாதி பாதி. டிசைன்காரர்கள் வழக்கம் அது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும் பூ என்றால் பாதியைத்தான் வரைவார்கள். மறுபாதியைத் தறி திருப்பிப் போட்டுக்கொள்ளும். வாத்தியாருக்கும் அது விநோதமாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. நெசவுக்காரர் வீட்டில் பாதி வரைந்தால் முழுதும் வரைந்த மாதிரிதான்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பாவப் போட்டுட்டேம்மா" என்று தாளை நீட்டினாள். பாதி நெற்றியில் விபூதி, ஒரு கண், பாதி மூக்கு, பாதி மீசை, கன்னத்தில் மச்சம். அவரேதான். மூக்குத்தண்டோடு கோடு நின்றிருந்தது.

"மீதி எங்கடி?"

"அது தானா வந்துடும்மா. இந்தப் பக்கம் இருக்குற மாதிரிதானே அந்தப் பக்கமும் இருக்குது."

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து, கோட்டின் மேல் நிமிர்த்தி வைத்தேன். முழு முகம் வந்துவிட்டது. இரண்டு கன்னத்திலும் மச்சம். யாரோ ஓர் ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் மச்சம் கெடையாது" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. சோறு போடும்போது அவருடைய இடப்பக்கம் உட்காருகிறவள் நான்தானே. "புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும். அந்தக் காது கொஞ்சம் மடங்கிக்கினு இருக்கும். சிரிச்சா அந்தப் பக்கந்தான் வாய் கோணும்." சொல்லிக்கொண்டே இருந்தேன். எந்தச் சொல்லில் அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

மகள் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மெதுவா சொல்லும்மா."